நடுக்கடலில் போதைப்பொருள் கடத்தும் அந்நியக் கப்பலை யார் நிறுத்தலாம், யார் தண்டிக்கலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: கரையிலிருந்து 300 கடல் மைல் தள்ளி ஒரு வெளிநாட்டுக் கப்பல் போகிறது, அதில் டன் கணக்கில் போதைப்பொருள் இருப்பதும் உளவுத் தகவலால் தெரிந்துவிட்டது, அப்படியிருந்தும் எதிரே நிற்கும் போர்க்கப்பல் ஏன் ஏறிப் பிடிக்காமல் யாருடைய அனுமதிக்கோ காத்திருக்கிறது? கூடவே, சில வேளைகளில் சரக்கைக் கடலில் அழித்துவிட்டு ஆட்களை அதே படகில் திருப்பி அனுப்பிவிடுகிறார்களே, அது எப்படிச் சட்டமாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கப்பலை நிறுத்தி ஏறிப் பார்க்க யாருக்கு உரிமை? ஆட்களைப் பிடித்துத் தன் துறைமுகத்துக்குக் கொண்டுபோக யாருக்கு உரிமை? அவர்களைத் தன் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க யாருக்கு உரிமை? முதலாவதுக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் ஆம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வகை வழக்குகள் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அடிப்படை விதியில் சந்தேகம் ஏதும் இல்லை. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 92: ஒரு கப்பல் ஒரே ஒரு நாட்டின் கொடியின் கீழ்தான் செல்ல வேண்டும், சர்வதேசக் கடற்பரப்பில் அதன் மீது அந்தக் கொடி நாட்டுக்கு மட்டுமே அதிகாரம். உரிமையாளர் யார், மாலுமிகள் எந்த நாட்டவர், சரக்கு எங்கே போகிறது என்பவை இதை மாற்றாது. கிரேக்க உரிமையாளர், உக்ரைன் மாலுமிகள், பனாமா கொடி என்றால் கடலில் அது பனாமாவின் கப்பல். அந்த உடன்படிக்கையில் சேராத அமெரிக்காவும் இந்த விதியை வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகளின் நீண்டகால நடைமுறையால் உருவான சட்டமாக ஏற்றுக்கொள்கிறது. 1958ஆம் ஆண்டின் பழைய கடல் உடன்படிக்கையிலும் இதே விதி உண்டு, அதில் அமெரிக்கா சேர்ந்திருக்கிறது.

கப்பல் எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். கரையோர அடிக்கோட்டிலிருந்து (பெரும்பாலும் அலை தாழும்போது தெரியும் கரைக்கோடு) 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை பிராந்தியக் கடல். அங்கே வெறுமனே கடந்துபோகும் அந்நியக் கப்பலின் மீதுகூட, போதைப்பொருள் கடத்தலை ஒடுக்குவதற்காகக் கரை நாடு குற்றவியல் நடவடிக்கை எடுக்கலாம் என்று பிரிவு 27 பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அடுத்து 24 கடல் மைல் வரை ஒட்டிய மண்டலம். அங்கே கரை நாட்டின் கை சுருங்குகிறது. தன் நிலத்திலோ பிராந்தியக் கடலிலோ சுங்க, குடியேற்ற, சுகாதார, வரிச் சட்டங்கள் மீறப்படாமல் தடுக்கவும், அங்கே ஏற்கெனவே நடந்த மீறலைத் தண்டிக்கவும் மட்டுமே அது செயல்படலாம். கரை நோக்கி வரும் கடத்தல் படகை அங்கே தடுக்கலாம். வேறொரு கண்டத்துக்குப் போகிற வழியில் அந்த மண்டலத்தை உரசிப் போகிற கப்பலைக் கைப்பற்றுவதற்கு அந்தப் பிரிவில் வலுவான ஆதாரம் இல்லை. 200 கடல் மைல் வரை நீளும் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தைப் பற்றித்தான் செய்திகளில் அதிகக் குழப்பம். மீன், எண்ணெய், எரிவாயு போன்ற வளங்களுக்கான மண்டலம் அது. போதைப்பொருளைப் பொறுத்தவரை அது சர்வதேசக் கடற்பரப்புக்குச் சமம், ஏனென்றால் கொடி நாட்டு விதி உள்ளிட்ட பிரிவு 88 முதல் 115 வரையானவை அங்கேயும் பொருந்தும் என்று பிரிவு 58 சொல்கிறது. ‘எங்கள் பொருளாதார மண்டலத்தில் பிடித்தோம், ஆகவே எங்கள் அதிகாரம்’ என்ற வாதம் தனியாக நிற்காது.

விடாமல் துரத்தும் உரிமை இங்கே ஒரு முக்கியமான விலக்கு. தன் பிராந்தியக் கடலிலோ ஒட்டிய மண்டலத்திலோ சட்டத்தை மீறிய கப்பலைக் கரை நாடு துரத்திக்கொண்டே போய் வெளிக்கடலில் பிடிக்கலாம். ஆனால் பிரிவு 111 போடும் நிபந்தனைகள் கறாரானவை. துரத்தல் தொடங்கும்போது அந்தக் கப்பலோ அதன் துணைப் படகோ அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் சைகை, கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். துரத்தல் இடையில் அறுபடக் கூடாது. அந்தக் கப்பல் தன் சொந்த நாட்டின் அல்லது மூன்றாவது நாட்டின் பிராந்தியக் கடலுக்குள் நுழைந்த நொடியில் உரிமை முடிந்துவிடும். துரத்துவது போர்க்கப்பலோ, ராணுவ விமானமோ, அரசுப் பணியில் இருப்பது வெளிப்படையாகத் தெரியும் அதிகாரம் பெற்ற கலமோ ஆக இருக்க வேண்டும். தாய்க்கப்பல் வெளியே நின்றுகொண்டு, சின்னப் படகுகள் சரக்கைக் கரைக்கு ஏற்றிப்போகும் முறைக்கும் அதே பிரிவு பதில் வைத்திருக்கிறது: படகும் தாய்க்கப்பலும் ஒரே அணியாக வேலை செய்தால், படகு எல்லைக்குள் இருப்பது தாய்க்கப்பலே உள்ளே இருப்பதற்குச் சமம். நடைமுறையில் இது சறுக்குவது பதிவேட்டில்தான். துரத்தல் தொடங்கிய நேரம், இரு கலங்களின் இருப்பிடம், சைகை கொடுத்த விதம், ராடாரில் தொடர்ந்து பிடித்து வைத்திருந்ததற்கான பதிவு ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருவோம். கரை நாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், சர்வதேசக் கடற்பரப்பில், ஒரு நாட்டின் கொடியோடு கப்பல் போகிறது. கொடி நாட்டைக் கேட்காமல் அந்நியப் போர்க்கப்பல் ஏறிப் பார்க்கக்கூடிய சந்தர்ப்பங்களைப் பிரிவு 110 எண்ணிச் சொல்கிறது: கடற்கொள்ளை, அடிமை வணிகம், அனுமதியற்ற ஒலிபரப்பு, நாடற்ற கப்பல், வேறு கொடியைக் காட்டினாலும் உண்மையில் போர்க்கப்பலின் சொந்த நாட்டுக் கப்பலாகவே இருப்பது. போதைப்பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. மறந்து விட்டுப்போனதாக எண்ண வேண்டாம். அதே உடன்படிக்கையின் பிரிவு 108 போதைப்பொருளைப் பற்றித் தனியாகப் பேசுகிறது, ஆனால் எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்பதோடும், தன் கொடிக் கப்பலைப் பற்றிச் சந்தேகப்படும் நாடு பிறர் உதவியைக் கேட்கலாம் என்பதோடும் நின்றுவிடுகிறது. கப்பற்பதிவை வருமானமாகக் கொண்ட நாடுகளுக்கும், வணிகக் கப்பல்கள் வழியில் நிறுத்தப்படுவதை விரும்பாத நாடுகளுக்கும் இதில் பெரிய அக்கறை உண்டு. சந்தேகத்தின் பேரில் எவரும் எவர் கப்பலிலும் ஏறலாம் என்றாகிவிட்டால், வலிய கடற்படை வைத்திருப்பவருக்குக் கடல் சொந்தமாகிவிடும். அடிமை வணிகத்துக்குக்கூட ஏறிப் பார்க்கும் உரிமைதான் பிறருக்குத் தரப்பட்டிருக்கிறது, தண்டிக்கும் கடமை கொடி நாட்டிடமே இருக்கிறது. எவரும் பிடித்து எவரும் தண்டிக்கலாம் என்ற முழு அதிகாரத்தை உடன்படிக்கை கடற்கொள்ளைக்கு மட்டுமே, பிரிவு 105இல், தருகிறது.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் 1988ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை. 190க்கும் மேற்பட்ட தரப்புகள் அதில் இருக்கின்றன. அதன் பிரிவு 17 ஒரு படிமுறையை வகுக்கிறது. நியாயமான சந்தேகம் உள்ள நாடு முதலில் கொடி நாட்டுக்குத் தகவல் சொல்கிறது, இந்தக் கப்பல் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்கிறது, ஆம் என்று வந்தால் நடவடிக்கைக்கு அனுமதி கேட்கிறது. கொடி நாடு ஏறுவதற்கும், சோதிப்பதற்கும், ஆதாரம் கிடைத்தால் கப்பல், ஆட்கள், சரக்கு மீது ‘தகுந்த நடவடிக்கை’ எடுப்பதற்கும் அனுமதி தரலாம். ‘தரலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நிபந்தனையும் போடலாம். ஆனால் பதிலை விரைவாகச் சொல்லும் கடமை உண்டு. இதற்கென்றே ஒவ்வொரு நாடும் ஓர் அதிகாரியையோ அலுவலகத்தையோ நியமித்து மற்ற நாடுகளுக்கு அறிவித்திருக்க வேண்டும்.

போர்க்கப்பல் காத்திருக்கும் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? முதலில் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆவது அலைவரிசையில் அழைத்துக் கப்பலின் பெயர், கொடி, பதிவுத் துறைமுகம், கடைசியாக விட்ட துறைமுகம், அடுத்த துறைமுகம், சரக்கு, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள். இப்படி நெருங்கிப் போய்க் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பின்புறத்தில் எழுதியிருக்கும் பெயரையும் துறைமுகத்தையும் படம் எடுப்பார்கள். பெரிய கப்பலாக இருந்தால் 7 இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி அனுப்பும் 9 இலக்க அடையாள எண்ணின் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. வானொலியில் சொன்ன நாடும் அந்த இலக்கங்களின் நாடும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே சந்தேகத்துக்கு ஒரு காரணம். இவற்றோடு இருப்பிடம், போகும் திசை, வேகம், சந்தேகத்தின் அடிப்படை எல்லாம் எழுதி, தலைமையகம் வழியாகக் கொடி நாட்டின் நியமிக்கப்பட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கே நள்ளிரவாக இருக்கலாம், பதிவேடு காகிதத்தில் இருக்கலாம், மாநில அளவில் பதிவான சிறு படகுகளின் விவரம் தேசியப் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இவைதான்.

தாமதத்தைக் குறைக்கவே நாடுகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தங்கள் போட்டுக்கொள்கின்றன. ஐரோப்பிய மன்றத்தின் 1995ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, இயன்ற வரை 4 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கப்பலைப் பிடித்த பிறகு, வழக்கைத் தானே நடத்த விரும்புகிறதா என்று கொடி நாடு ஆதாரச் சுருக்கம் கிடைத்த 14 நாளுக்குள் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் உரிமை அதற்குத்தான். அமெரிக்கா கரீபியன், மத்திய அமெரிக்க நாடுகள் பலவற்றோடு இருதரப்பு ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறது. சிலவற்றில் குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் ஏறிச் சோதிக்க அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். சிலவற்றில் கூட்டாளி நாட்டின் அதிகாரி ஒருவர் அமெரிக்கக் கப்பலிலேயே பயணம் செய்து, தன் நாட்டுக் கொடிப் படகு எதிர்ப்பட்டால் அங்கேயே அனுமதி கொடுப்பார். ஆகவே ‘ஆழ்கடல் சட்டம் என்ன சொல்கிறது’ என்ற கேள்விக்கு முழுப் பதில், அந்த இரண்டு நாடுகளுக்கு இடையே எந்த ஒப்பந்தம் இருக்கிறது என்று தெரியாமல் கிடைக்காது.

அனுமதியிலும் அடுக்குகள் உண்டு. பதிவை உறுதிசெய்வது ஒன்று, ஏற அனுமதிப்பது ஒன்று, சோதிக்க, ஆட்களைத் தடுத்துவைக்க, வழக்குத் தொடர அனுமதிப்பது ஒவ்வொன்றும் வேறு. கேப்டனே ‘வாருங்கள், பாருங்கள்’ என்று சொன்னால் சில நாடுகள் அதையும் போதுமான சம்மதமாக எடுத்துக்கொள்கின்றன, வேறு சில நாடுகள் ஏற்பதில்லை. அப்படி ஏறினாலும், கைதுசெய்ய அது போதாது என்பதே பாதுகாப்பான நிலை. 1988 உடன்படிக்கையின் ‘தகுந்த நடவடிக்கை’ என்ற தொடருக்குள் வழக்குத் தொடுப்பதும் அடங்குமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. பிரிவு 4 அதற்கு இடம் கொடுப்பதாகவே நான் வாசிக்கிறேன். அனுமதி பெற்ற நாடு தன் நீதிமன்றத்துக்கு அதிகாரம் ஏற்படுத்திக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. ஆனால் அந்த அதிகாரம் தானாக வராது, உள்நாட்டில் சட்டம் இயற்றியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆட்களை விட்டுவிடும் செய்திகளுக்கு விடை இருக்கிறது. அரபிக்கடலில், பல நாடுகள் சேர்ந்து இயக்கும் கூட்டுக் கடற்படைகளின் 150ஆம் எண் பணிக்குழு, ஹெராயின், ஹஷீஷ், மெத்தாம்பெட்டமின் ஏற்றிவரும் பாய்மரத் தோணிகளை அடிக்கடி மறிக்கிறது. பெரும்பாலும் அவை கொடி ஏதும் காட்டாத தோணிகள், ஆகவே ஏறிப் பார்க்கும் உரிமை கடல் சட்ட உடன்படிக்கையின் பிரிவு 110இலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் பணிக்குழுவில் பங்கெடுக்கும் பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டத்தில், தன் நாட்டோடு தொடர்பே இல்லாத கப்பலில் அந்நியர் செய்த போதைப்பொருள் குற்றத்தை விசாரிக்க அதிகாரம் இல்லை. அதனால் மாதிரி எடுத்து, எடைபோட்டு, படம் பிடித்து, சரக்கைக் கடலிலேயே அழித்துவிட்டு ஆட்களை அவர்கள் தோணியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். சரக்கைத் தடுத்ததால் சந்தைக்கு நட்டம்தான், ஆனால் அடுத்த பருவத்தில் அதே ஆட்கள் திரும்ப வரக்கூடும். மனதுக்கு ஒவ்வாத முடிவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சட்டம் இல்லாமல் ஒருவரை மாதக்கணக்கில் அடைத்துவைப்பதைவிட இது நேர்மையானது. ஸ்பெயினில் 2014ஆம் ஆண்டு நடந்தது இதற்கு நல்ல பாடம். எங்கே, யார் செய்த குற்றத்தையும் விசாரிக்கலாம் என்ற உலகளாவிய அதிகாரத்தைச் சுருக்கி அந்த ஆண்டு ஒரு சட்டத் திருத்தம் வந்தது. உடனே, நடுக்கடலில் பிடிபட்ட அந்நியக் கப்பல்களின் மாலுமிகளை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அங்குள்ள தேசிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் அவர்களை விடுவித்தார்கள். அதிகாரம் இன்னும் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்புச் சொன்ன பிறகே அது நின்றது.

நாடற்ற கப்பல் விவகாரத்தில் உறுதியானதும் சந்தேகமானதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எந்தக் கொடியும் இல்லாத படகில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் ஏறிப் பார்க்கலாம் என்பது உறுதி. வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிக் காட்டும் கப்பலையும் நாடற்றதாகக் கருதலாம். ஏறிப் பார்த்த பிறகு கைப்பற்றித் தண்டிக்கலாமா என்பதில்தான் பிளவு. எந்த நாட்டின் பாதுகாப்பும் இல்லாத கப்பலுக்காக வாதாட எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை, ஆகவே பிடித்த நாடு தன் சட்டத்தையே போடலாம் என்பது ஒரு நிலைப்பாடு. பாலஸ்தீனத்துக்கு ஆட்களை ஏற்றிவந்த ஒரு கப்பல் தொடர்பாக 1948இல், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் மேல்முறையீடுகளைக் கேட்ட பிரிவி கவுன்சில் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா இன்றும் இதைப் பின்பற்றுகிறது. இன்னொரு நிலைப்பாடு, பிரிவு 110 ஏறிப் பார்க்க மட்டுமே இடம் தருகிறது, தண்டிக்க வேண்டுமானால் கப்பலுக்கோ ஆட்களுக்கோ சரக்குக்கோ பிடித்த நாட்டோடு ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும் என்பது. படகுக்கு நாடு இல்லாவிட்டாலும் அதில் இருக்கும் மனிதர்களுக்கு நாடு உண்டே என்ற கேள்வி நியாயமானதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாடுகளின் நடைமுறை முதல் நிலைப்பாட்டின் பக்கம் சாய்கிறது, ஆனால் முடிந்துபோன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்கச் சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வகை வழக்குகள் பெருவாரியாக நடப்பது அங்கேதான். 1986ஆம் ஆண்டின் கடல்வழிப் போதைப்பொருள் சட்ட அமலாக்கச் சட்டம், கொடி நாடு சம்மதித்த அந்நியக் கப்பல்களையும் நாடற்ற கப்பல்களையும் அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்டவை என்கிறது. நாடற்றது எது என்பதற்கு அது தரும் விளக்கம் மிக அகலமானது: கேட்டபோது பொறுப்பாளர் எந்த நாட்டையும் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன நாடு மறுத்துவிட்டால், அல்லது அந்த நாடு ‘ஆம், எங்களுடையதுதான்’ என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லாவிட்டால் அந்தக் கப்பல் நாடற்றது. கொலம்பியப் படகு என்று கேப்டன் சொல்கிறார், ‘உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியவில்லை’ என்று கொலம்பியா பதில் அனுப்புகிறது என்றால் படகு நாடற்றதாகிவிடும். சர்வதேசச் சட்டத்தில் வாய்மொழி உரிமைகோரலுக்கும் ஓரளவு மதிப்பு உண்டு என்பதால் இந்த மூன்றாவது வகை அரசியலமைப்பு மீறல் என்று 2022இல் முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று தீர்ப்பளித்தது. ஆனால் 2023இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தக் கேள்வியைத் தொடாமல் வேறு அடிப்படையில் தண்டனையை உறுதிசெய்தது. ஆகவே கேள்வி திறந்தே இருக்கிறது. அந்தச் சட்டத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பாதகமான இன்னும் மூன்று ஏற்பாடுகள் உண்டு. அதிகாரம் உண்டா இல்லையா என்பதை ஜூரி முடிவுசெய்வதில்லை, நீதிபதியே முடிவுசெய்கிறார். கொடி நாட்டின் பதிலை வெளியுறவுத் துறையின் சான்றிதழே இறுதியாக நிரூபித்துவிடுகிறது. அதோடு, சர்வதேசச் சட்டம் மீறப்பட்டது என்ற ஆட்சேபத்தை அந்நிய நாடுதான் எழுப்பலாம், மாலுமி எழுப்ப முடியாது. 5 கிலோவோ அதற்கு மேலோ கொக்கெய்ன் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு என்பதை வைத்துப் பாருங்கள், படகோட்டக் கூலிக்கு வந்த மீனவருக்கு இது எவ்வளவு கனமானது என்று புரியும்.

ஆனால் அங்கேயும் சம்மதம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. பனாமாவின் பிராந்தியக் கடலில் பிடிபட்டவர்களை அமெரிக்காவே விசாரிக்கலாம் என்று பனாமா சம்மதித்த பிறகும், 2012இல் 11ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. இன்னொரு நாட்டின் பிராந்தியக் கடல் சர்வதேசக் கடற்பரப்பு ஆகாது, கடற்கொள்ளையைப் போல உலகச் சட்டத்துக்கு எதிரான குற்றமாகவும் போதைப்பொருள் கடத்தல் இன்னும் ஆகவில்லை, ஆகவே அங்கே நடந்ததைத் தண்டிக்க அமெரிக்கக் காங்கிரசுக்கே அரசியலமைப்பு அதிகாரம் இல்லை என்று காரணம் சொன்னது. கப்பல் நின்ற இடம் சில கடல் மைல் மாறினால் வழக்கின் தலையெழுத்தே மாறும்.

ஐரோப்பாவில் இதற்குச் சமமான எச்சரிக்கை ‘வின்னர்’ கப்பல் வழக்கு. 2002 ஜூனில் கேப் வெர்டே அருகே, கம்போடியக் கொடியோடு சென்ற அந்தச் சரக்குக் கப்பலை பிரெஞ்சுக் கடற்படை மறித்துப் பிடித்து, மாலுமிகளைக் கப்பலிலேயே காவலில் வைத்து, 13 நாள் இழுத்துவந்து பிரெஸ்ட் துறைமுகத்தில் சேர்த்தது. கம்போடியா அப்போது 1988 உடன்படிக்கையில் சேரவில்லை. தூதரகக் குறிப்பு ஒன்றின் வழியே, கப்பலை மறித்துச் சோதித்துச் சட்ட நடவடிக்கை எடுக்க அனுமதித்திருந்தது. அந்தக் குறிப்பு கப்பலைப் பற்றிப் பேசுகிறது, மாலுமிகளின் தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கத் தெளிவான, முன்கூட்டியே அறியக்கூடிய சட்ட அடிப்படை அதில் இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2010 மார்ச்சில் 10க்கு 7 என்ற பெரும்பான்மையில் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் பயணம் 13 நாள் எடுத்ததை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. கடலின் தூரம் தவிர்க்க முடியாதது, கரை சேர்ந்த சில மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்திவிட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே அனுமதி கேட்கும் கடிதத்திலேயே ‘ஆட்களைத் தடுத்துவைக்கவும் எங்கள் நீதிமன்றத்தில் நிறுத்தவும்’ என்ற சொற்கள் இருக்க வேண்டும், பதிலிலும் அவை வர வேண்டும், கரை தொட்டதும் தாமதமின்றி நீதிபதியிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆதாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகப் படகுகள் துரத்தப்படும்போது மூட்டைகளைக் கடலில் வீசிவிடும். வீசுவதை வானிலிருந்து படம் பிடித்து, ஒவ்வொரு மூட்டையும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மீட்கப்பட்டது என்று குறித்து, எண்ணிட்டு முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஓர் இடைவெளியும் இல்லாமல் எழுதிவைக்க வேண்டும். சரக்குக் கப்பல்களில் தேடல் வேறு வகை: எண்ணெய், தண்ணீர்த் தொட்டிகளின் அளவை வெளியிலும் உள்ளேயும் எடுத்து, கட்டுமான வரைபடத்தோடு ஒப்பிட்டு, கணக்கில் வராத இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறைவறைகள் அப்படித்தான் வெளிப்படுகின்றன. பாதி முங்கிப் போகும் கலங்களில் மாலுமிகளே அடிவால்வைத் திறந்து கலத்தையும் சரக்கையும் மூழ்கடித்துவிட்டு, உயிர்காக்கும்படி கையசைப்பார்கள். காப்பாற்றியே ஆக வேண்டும், கையில் ஆதாரமோ ஒரு கிராம்கூட இருக்காது. அதனால்தான் அமெரிக்கா 2008இல், கண்ணில் படாமல் தப்பும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட நாடற்ற கலத்தைச் சர்வதேசக் கடலில் செலுத்துவதையே, உள்ளே சரக்கு இருந்ததா என்று பார்க்காமல், தனிக் குற்றமாக்கியது.

நிற்காமல் ஓடும் கப்பலைச் சுடலாமா என்றும் இடையில் கேட்டிருக்கிறீர்கள். 1929இல் ‘ஐயாம் அலோன்’ என்ற கனடா நாட்டுச் சாராயக் கடத்தல் கப்பலை அமெரிக்கக் கடலோரக் காவல்படை துரத்திச் சென்று, கரையிலிருந்து 200 கடல் மைலுக்கும் அப்பால் மூழ்கடித்தது. வேண்டுமென்றே மூழ்கடித்ததை எந்தச் சட்டமும் நியாயப்படுத்தாது என்று 1935இல் கூட்டு ஆணையர்கள் முடிவுசெய்து, அமெரிக்கா மன்னிப்புக் கேட்கவும் கனடாவுக்கு 25,000 டாலர் கொடுக்கவும் பரிந்துரைத்தார்கள். கப்பல் உண்மையில் அமெரிக்கர்களின் கையில்தான் இருந்தது என்று கண்டபோதும் இந்த முடிவு மாறவில்லை, கப்பலுக்கும் சரக்குக்கும் மட்டும் இழப்பீடு இல்லை. 1999இல் ‘சைகா’ எண்ணெய்க் கப்பல் வழக்கில் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் வரிசையையே வகுத்துக் கொடுத்தது: முதலில் ஒலியாலோ கண்ணுக்குத் தெரியும் சைகையாலோ நிறுத்தச் சொல்ல வேண்டும், பிறகு முன்புறத்துக்குக் குறுக்கே எச்சரிக்கைச் சுடுதல், இவை பலிக்காவிட்டால் மட்டுமே கடைசி வழியாகப் பலப்பிரயோகம், அப்போதும் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். ஹெலிகாப்டரிலிருந்து படகின் எஞ்சினை மட்டும் குறிவைத்துச் சுட்டு நிறுத்தும் முறை இந்த வரிசைக்குள் பொருந்தும். 2025 செப்டம்பர் முதல் அமெரிக்க ராணுவம் சந்தேகப் படகுகளை ஆட்களோடு குண்டுவீசி அழித்துவருவது இதற்குள் பொருந்தாது. அதை ஆயுத மோதல் சட்டத்தின், அதாவது போர் நடத்தையை முறைப்படுத்தும் சட்டத்தின் கீழ் நியாயப்படுத்த அந்த அரசு முயல்கிறது. சர்வதேசச் சட்ட அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. போதைப்பொருள் வைத்திருந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர் விசாரிக்கப்பட வேண்டியவர்.

ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், என் பதில் பொதுவான சட்ட நிலையோடு நிற்கிறது. அந்தச் சம்பவத்துக்குத் தேடவேண்டியவை இவை: மறித்த இடத்தின் ஆயத்தொலைவு, கேப்டன் கொடியைப் பற்றிச் சொன்ன வார்த்தை, கொடி நாட்டின் பதில் எந்த நேரத்தில் எந்த அலுவலகத்திலிருந்து என்ன சொற்களோடு வந்தது, இரு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் உண்டா, பிடித்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் அந்தக் குற்றத்துக்கான பிரிவு எது. சந்தேகம் பொய்த்து, கப்பலும் அதற்கு இடம் கொடுக்கும்படி எதுவும் செய்யவில்லை என்றால், பிரிவு 110இன் கீழ் ஏறிப் பார்த்த நாடு நட்டஈடு தர வேண்டும். பிடித்துவைக்கப்பட்ட வணிகக் கப்பலின் உரிமையாளருக்காகக் கேட்டிருந்தால், தாமதமான ஒவ்வொரு நாளின் செலவையும் இன்றிலிருந்தே ரசீதோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள்.